லாஃப்ட் கன்வெர்ஷன்: மாடிப்படியிலிருந்து தொடங்கும் திட்டம்

தமிழ்நாட்டு வீட்டில் லாஃப்ட் என்றால் பரண். பழைய அண்டாவும் கொலு பொம்மைப் பெட்டியும் ஏறிக் கிடக்கும் கான்கிரீட் பலகை. இங்கிலாந்தில் அது ஓட்டுக் கூரைக்கும் முதல் மாடி சீலிங்குக்கும் நடுவே உள்ள முக்கோண வெளி. அதை வசிக்கும் அறையாக மாற்றுவதுதான் லாஃப்ட் கன்வெர்ஷன். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் பின்தெருவில் நடந்து பாருங்கள்: வரிசை வரிசையாகப் பெட்டி வைத்தது போல டார்மர்கள், அதாவது கூரைச் சரிவிலிருந்து வெளியே எழுப்பிய, ஜன்னல் வைத்த கட்டுகள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிறார்கள், பெரிய வீடு வாங்க வசதியில்லை என்ற நிலையில் பலரும் எடுக்கும் முடிவு இது.

இந்த வழிகாட்டி இங்கிலாந்தில் உள்ள இரண்டு தள வீட்டுக்கானது. டெரஸ் (இருபுறமும் சுவர் ஒட்டிய வரிசை வீடு) அல்லது செமி (ஒருபுறம் மட்டும் ஒட்டிய இரட்டை வீடு). ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறுபடும்.

பலரும் பெட்ரூம் எங்கே, பாத்ரூம் எங்கே என்று வரையத் தொடங்கி, கடைசியில் மிஞ்சிய மூலையில் படியைச் சொருகுகிறார்கள். அங்கேதான் திட்டம் கெடுகிறது. படி எங்கே வந்து ஏறும் என்பதை வைத்தே டார்மரின் வடிவம், கீழே எந்த அறை சுருங்கும், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது எல்லாம் முடிவாகும். எனவே வரிசை இதுதான்: உயரம், படி, தீப்பாதை, அதன் பிறகு கூரை வடிவம், அனுமதி, மற்றவை.

டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்

இப்போதுள்ள சீலிங் ஜாயிஸ்ட்டின் (சீலிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல்விளிம்பிலிருந்து முகட்டுப் பலகையின் அடிவிளிம்பு வரை அளக்கவும். 2.2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் வேலை கடினம். 2.4 மீட்டர் இருந்தால் நிம்மதி. இந்த உயரம் முழுதும் கையில் கிடைக்காது. ஒரு கணக்கு: பழைய ஜாயிஸ்ட் 100 மி.மீ. உயரம். புதிய தரை ஜாயிஸ்ட் 195 மி.மீ.; கீழ் அறையின் சீலிங்கைத் தொடாதபடி 25 மி.மீ. தூக்கி, பழையவற்றுக்கு நடுவே வைப்பார்கள். அப்படியானால் அதன் மேல்விளிம்பு பழைய ஜாயிஸ்ட்டைவிட 120 மி.மீ. உயரும். மேலே 22 மி.மீ. பலகை. ஆக 142 மி.மீ. தரையிலேயே போயிற்று, 2400 இருந்தது 2258 ஆகிறது. கூரை இன்சுலேஷனும் பிளாஸ்டர்போர்டும் இன்னொரு பங்கைத் தின்றபின், முடிந்த அறையில் ஏறத்தாழ 2.1 மீட்டர் நிற்கும்.

அறைக்கு இவ்வளவு உயரம் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டட விதிகளில் குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை. படிக்குத்தான் உண்டு. உயரம் போதாதென்றால் வழி இரண்டு. ஒன்று, கீழ் அறையின் சீலிங்கை இறக்குவது, 2.7 மீட்டருக்கு மேல் சீலிங் உள்ள விக்டோரியன் வீடுகளில் இது நடக்கும், ஆனால் அந்த மாடியே சில வாரம் வசிக்க முடியாமல் போகும். இரண்டு, முகட்டை உயர்த்துவது. இதற்குக் கவுன்சிலின் (உள்ளாட்சி) பிளானிங் அனுமதி வேண்டும், டெரஸில் பெரும்பாலும் கிடைக்காது.

உள்ளே நிற்கும்போதே கூரையின் ரகத்தைப் பாருங்கள். 1960-களுக்கு முந்திய வீடுகளில் பெரும்பாலும் கைமரங்களும், அவற்றை நடுவில் தாங்கும் பர்லின் என்ற கனத்த சட்டமும்தான் இருக்கும். நடு வெளி காலியாக இருக்கும். அதற்குப் பின் வந்தவற்றில் 600 மி.மீ. இடைவெளியில் டபிள்யூ வடிவ மரச் சட்டகங்களான டிரஸ்கள் நிற்கும். டிரஸ்ஸில் ஒரு சட்டத்தை வெட்டினாலும் அது முழுதும் பலமிழக்கும். மாற்ற முடியாது என்பதில்லை. ஸ்டீல் கூடும், செலவு கூடும், கணக்கு வந்து சேரும்வரை யாரும் ரம்பத்தைத் தொடக்கூடாது.

கூடவே பார்க்க வேண்டியவை: தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி வரும் இடம், பாய்லரின் புகைக்குழாய், பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் அல்லது பலகை (பிரிட்டனில் முழுத் தடை வந்தது 1999-இல், அதற்கு முந்திய வீட்டில் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்). தரையில் சிறு புழுக்கைகள் கிடந்தால் காகிதத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். எலியுடையது கெட்டியாக இருக்கும், வௌவாலுடையது பொடியாகும். வௌவால் தங்குமிடம் சட்டப் பாதுகாப்பு பெற்றது. வௌவால் அப்போது அங்கே இல்லாவிட்டாலும்கூட. அதைக் கெடுப்பது குற்றம், எனவே நிபுணரின் ஆய்வு இல்லாமல் ஓட்டைக் கழற்றாதீர்கள்.

படி

விதி இது: சரிவு 42 பாகைக்கு மிகக்கூடாது, ஒரு படியின் உயரம் 220 மி.மீ.-க்கு மிகக்கூடாது, மிதிபலகையின் ஆழம் 220 மி.மீ.-க்குக் குறையக்கூடாது, இரண்டு உயரமும் ஓர் ஆழமும் சேர்ந்தால் 550-க்கும் 700-க்கும் இடையில் வர வேண்டும். முதல் மாடித் தரையிலிருந்து லாஃப்ட் தரை வரை 2600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 13 படி போட்டால் ஒன்று 200 மி.மீ. ஆழம் 225 எடுத்தால், 12 மிதிக்கு 2700 மி.மீ. நீளம். சரிவு 41.6 பாகை, இரண்டு உயரமும் ஓர் ஆழமும் 625. விதிக்குள் அடங்குகிறது. இதைவிட வெகுவாகச் சிறிய இடத்தில் நேர்ப்படி வராது. திரும்பும் படிகள் வைத்தால் இடம் மிச்சமாகும். குறுகிய முனையில் ஆழம் 50 மி.மீ. ஆவது இருக்க வேண்டும்.

தலைக்கு மேல் 2 மீட்டர் வேண்டும். லாஃப்ட் படிக்கு மட்டும் சலுகை உண்டு: படியின் நடுக்கோட்டில் 1.9 மீட்டர், சரிவான பக்கத்தில் 1.8 மீட்டர் போதும். சலுகை பெரிதாகத் தெரிகிறதா? கூரைச் சரிவு 37 பாகை என்றால் முகட்டிலிருந்து ஒரு மீட்டர் நகர்ந்ததும் உயரம் 75 செ.மீ. குறைந்துவிடும். மேலே சொன்ன 2258 மி.மீ. வீட்டில், முகட்டுக்கு அரை மீட்டருக்குள்ளேயே 1.9 தீர்ந்துபோகிறது. இன்சுலேஷன் போட்டபின் அதுவும் இல்லை. ஆகவே படியின் மேல்முனை முகட்டுக்கு நேர் கீழே வர வேண்டும், அல்லது டார்மருக்குள் வர வேண்டும்.

1930-களின் செமி வீடுகளில் மாடிப்படி பெரும்பாலும் பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். அந்தப் பக்கக் கூரை சரிந்து இறங்கும் ஹிப் வகை. புதிய படியைப் பழைய படிக்கு மேலேயே வைத்தால் தலை இடிக்கும். அதனால்தான் அந்த வீடுகளில் ஹிப்பைக் கழற்றி, சுவரை முக்கோணமாக முகடுவரை எழுப்புகிறார்கள். கூடுதல் இடம் கிடைப்பது உண்மை. ஆனாலும் பல வீடுகளில் அதைத் தவிர்க்க முடியாமல் செய்வது படிதான். விக்டோரியன் டெரஸில் படி நடுவில் ஏறும். அங்கே பின்பக்க டார்மர் மட்டுமே அந்த உயரத்தைத் தந்துவிடும்.

பழைய படிக்கு மேலேயே புதிய படியை அடுக்குவது நல்லது. முதல் மாடியில் இழப்பு குறைவு. சின்ன அறைக்குள்ளிருந்து படியை எடுத்தால் அந்த அறை போய்விடும். ஓர் அறையைக் கொடுத்து ஓர் அறை வாங்கிய கதைதான். அகலத்துக்குக் குறைந்தபட்ச விதி இல்லை என்றாலும் 800 மி.மீ. வையுங்கள். 600-க்குச் சுருக்கிய படிகளில் மெத்தையே மேலே போகாது. கால் மாற்றிக் கால் வைக்கும் குறும்படி ஒரே ஒரு அறைக்கும் அதன் பாத்ரூமுக்கும் மட்டும் அனுமதி. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். கைப்பிடி 900 முதல் 1000 மி.மீ. உயரம், கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ. பந்து நுழையக்கூடாது.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: படியின் திசையை வீட்டைக் கட்டியவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். சாமி அறையை எங்கே வைப்பது என்பதில் உங்களுக்கு இடமுண்டு. படியில் அநேகமாக இல்லை.

தீப்பாதை கீழ்த்தளத்தையும் மாற்றும்

இரண்டு தள வீட்டில் முதல் மாடி ஜன்னல் வழியே தப்பிக்கலாம் என்று விதி ஏற்கிறது. லாஃப்ட் தரை வெளி நிலத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் போய்விடுவதால் அங்கே ஜன்னல் கணக்கில் வராது. லாஃப்ட் அறையிலிருந்து வாசல் கதவு வரை, 30 நிமிடம் தீயைத் தாங்கும் சுவர்களால் மூடப்பட்ட படிவழி வேண்டும். அந்த வழியில் திறக்கும் பெட்ரூம், ஹால், சமையலறைக் கதவுகள் எல்லாம் தீக்கதவுகளாக வேண்டும். கழிவறை, குளியலறைக்குப் பொதுவாக விலக்கு.

விதி கேட்பது எஃப்டி20, அதாவது 20 நிமிடம் தீயைத் தாங்கும் கதவு. கடையில் எளிதாகக் கிடைப்பது எஃப்டி30. அதன் கனம் 44 மி.மீ. பழைய நிலைகள் 35 மி.மீ. கதவுக்குச் செதுக்கப்பட்டவை. எனவே கதவின் விலையை மட்டும் கணக்கிட்டால் ஏமாறுவீர்கள். நிலையும் மாற வேண்டியிருக்கும். ஒரு கதவுக்கு மூன்று கீல், சுற்றிலும் சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை. கதவுக்கு மேல் கண்ணாடி வைத்த பழைய வீடுகளில் அந்தக் கண்ணாடியையும் தீ தாங்குவதாக மாற்றவோ மூடவோ வேண்டும். பில்டரிடம் குவோட் (விலை மதிப்பீடு) வாங்கும்போது எத்தனை கதவு என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். பலரின் பட்ஜெட் பிசகுவது இங்கேதான்.

பெரிய சிக்கல், கீழே சுவரை இடித்து ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கிய வீடுகள். படி நேராக அந்த ஹாலில் இறங்கினால் தீப்பாதை இல்லை. பழையபடி சுவர் எழுப்பி வாசல்வரை நடைபாதை அமைப்பது மலிவான வழி. மனம் வராதவர்களுக்கு வேறொன்று: திறந்த பகுதிக்கு ஸ்பிரிங்ளர் (தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் அமைப்பு) போட்டு, சமையலறையைத் தீ தாங்கும் சுவரால் பிரித்து, கீழ்த்தளத்தையும் மேல்தளங்களையும் ஒரு தீக்கதவால் பிரித்து, லாஃப்டிலிருந்து இறங்குபவர் முதல் மாடி ஜன்னலை அடையும்படி செய்வது. எதுவானாலும் வரைபடக் கட்டத்திலேயே, கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோலிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

ஒவ்வொரு தளத்தின் நடைபாதையிலும் மின்சார இணைப்பும் பேட்டரியும் உள்ள, ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் புகை அலாரம் வேண்டும். சமையலறைக்குள் புகை அலாரம் வைக்காதீர்கள். கடுகு தாளித்து மிளகாய் கிள்ளிப் போட்டாலே கத்தும், நாலு நாளில் யாராவது கழற்றி வைத்துவிடுவார்கள். அங்கே வெப்ப அலாரம். இன்னொன்று: மூடிய படிவழி, தாளிப்பு வாசனையைப் புகைபோக்கிபோல லாஃப்டுக்கு இழுக்கும். வெளியே தள்ளும் ஹூட் இல்லாத சமையலறையானால் இதே வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

கூரையின் வடிவமும் கன அளவும்

கூரையின் வடிவத்தைத் தொடாமல் ரூஃப்லைட் (சரிவிலேயே பதிக்கும் ஜன்னல்) மட்டும் வைப்பது மலிவு. தலை நிமிரும் இடம் நடுவில் மட்டும். பின்பக்க டார்மர்தான் பெரும்பாலோருக்குப் பொருந்துவது. செமியில் ஹிப்பை எழுப்பிப் பின்பக்க டார்மர். பின்னால் நீண்ட கட்டுள்ள விக்டோரியன் டெரஸில் எல் வடிவ டார்மர். மான்சார்ட் என்பது பின்கூரையை ஏறத்தாழ 70 பாகையில் செங்குத்தாக்கி முழுத் தளமாக்குவது. பிளானிங் விண்ணப்பம் தேவை.

முன் அனுமதியின்றிக் கட்டும் உரிமை, பெர்மிட்டட் டெவலப்மென்ட், வீடுகளுக்கு உண்டு, ஃபிளாட்டுக்கு இல்லை. எல்லை: டெரஸுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50. முந்திய உரிமையாளர் கூரையில் கூட்டியதும் இதில் கழியும்.

கணக்கு எளிது. டார்மர் ஒரு முக்கோணப் பட்டகம்: உயரம் × ஆழம் × அகலம், அதில் பாதி. 2.4 × 3.2 × 6.5, பாதி என்றால் ஏறத்தாழ 25. ஹிப்பை எழுப்பும் பகுதி: கூரையின் முன்பின் அகலம் × ஹிப்பின் ஆழம் × முகட்டு உயரம், அதில் ஆறில் ஒன்று. 7.5 × 3.75 × 2.8, ஆறால் வகுத்தால் 13. மொத்தம் 38, செமிக்கு 50 என்பதால் தாராளம். வரைபடம் போடுபவர் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். எல் வடிவத்தில் இரண்டு டார்மரையும் கூட்டினால் டெரஸின் 40 சீக்கிரம் நிரம்பும்.

மற்ற நிபந்தனைகள்: இப்போதுள்ள கூரையின் உச்சியைத் தாண்டக்கூடாது. தெருவைப் பார்த்த முன்சரிவில் டார்மர் கூடாது. ரூஃப்லைட் வைக்கலாம், கூரைப் பரப்பிலிருந்து 150 மி.மீ.-க்கு மேல் துருத்தக்கூடாது. பின்பக்க இறவாரத்திலிருந்து சரிவின் வழியே 20 செ.மீ. தள்ளி டார்மர் எழ வேண்டும். வெளிப்பூச்சு பழைய கூரையோடு ஒத்துப்போக வேண்டும். பக்க ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி, தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே திறக்கக்கூடாது. நிற்கக்கூடிய பால்கனி கிடையாது. கம்பி மட்டும் வைத்த ஜூலியட் வகை பரவாயில்லை. கன்சர்வேஷன் ஏரியாவில் (பழமை காக்கும் பகுதி) இருந்தால் இந்த டார்மர் உரிமையே இல்லை. கவுன்சில் ஆர்ட்டிக்கிள் 4 உத்தரவு போட்டு உரிமையை எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உரிமை இருந்தாலும் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் (வேலை சட்டப்படியானது என்ற சான்று) வாங்கி வையுங்கள். வேலை தொடங்குமுன் கேட்டால் கட்டணம் சாதாரண பிளானிங் கட்டணத்தில் பாதி. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும் முதல் தாள்களில் அது ஒன்று.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ்

பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச் சுவரில் ஸ்டீல் உத்தரத்தை ஊன்றுவது 1996-ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டத்துக்குள் வரும். வேலைக்கு இரண்டு மாதம் முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். டெரஸானால் இருபுறமும். பதில் தர அவர்களுக்கு 14 நாள். பதிலே வராவிட்டால் சம்மதம் என்று பொருளில்லை. தகராறு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், சர்வேயர் நியமனம் ஆகும், பொதுவாக அந்தச் செலவு உங்களுடையது. எனவே தாளைத் தபாலில் போடுமுன் நேரில் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். சம்மதக் கையெழுத்து கிடைத்தாலும் அவர்கள் சுவரிலும் சீலிங்கிலும் உள்ள பழைய வெடிப்புகளைத் தேதியோடு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. நோட்டீஸ் கொடுத்து 12 மாதத்துக்குள் தொடங்காவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும்.

லீஸ்ஹோல்டானால் (நீண்ட காலக் குத்தகை வீடு) லாஃப்ட் வெளி உங்களுக்குச் சொந்தமா என்பதே கேள்வி, லீஸைப் படியுங்கள். மார்ட்கேஜ் கொடுத்தவருக்கும் வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

தரை, ஸ்டீல், மரம்

சீலிங் ஜாயிஸ்ட் சீலிங்கைத் தாங்கத்தான். மேலே பெட்டி வைக்கச் சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவு கணக்கு. வசிக்கும் அறைக்கு 150 கிலோ. பழைய சட்டத்தின்மேல் பலகை அடித்துக் கட்டில் போடுவது இதனால்தான் ஆபத்து. முதலில் கீழ் அறையின் சீலிங் தொய்யும், வெடிக்கும். புதிய ஜாயிஸ்ட் சி24 தர மரம், 47×195 மி.மீ., 400 மி.மீ. இடைவெளியில் ஏறத்தாழ 4 மீட்டர் தாங்கும். அதைவிடத் தூரமானால் நடுவில் ஸ்டீல். வழக்கமான டார்மர் வேலையில் மூன்று ஸ்டீல்: தரைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, முகட்டில் ஒன்று. அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

மீட்டருக்கு 25 கிலோ எடையுள்ள ஸ்டீல் 5 மீட்டர் என்றால் 125 கிலோ. சாரத்தின் வழியே அதைத் தூக்கி, பொதுச் சுவரில் ஓட்டை போட்டுச் செருக வேண்டும். ஒரே துண்டாகப் பெரும்பாலும் நுழையாது. இரண்டு துண்டாக வாங்கி நடுவில் தகடும் போல்ட்டும் போட்டு இணைப்பார்கள். அந்த இணைப்பு இன்ஜினியரின் வரைபடத்தில் இருக்க வேண்டும். சைட்டில் வெட்டி வெல்டிங் வைக்கும் யோசனையை ஏற்காதீர்கள். முனைகள் வெறும் செங்கல்லின்மேல் அல்ல, பளுவைப் பரப்பும் கான்கிரீட் கட்டையான பேட்ஸ்டோன்மேல் உட்கார வேண்டும். ஸ்டீலைப் பிளாஸ்டர்போர்டால் மூடித் தீக்காப்பு தர வேண்டும்.

பர்லினை எப்போது வெட்டுவது? புதிய ஸ்டீலும் தற்காலிக முட்டும் வந்த பிறகு. முன்பே வெட்டினால் கைமரங்கள் கீழ்நோக்கி நழுவி, சுவரின் தலையை வெளியே தள்ளும். ஓடு இருக்கும் கூரையின் கனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு சட்டத்தில் நின்றது என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். அறைக்குள் வரும் புகைபோக்கித் தூணை இடிக்கும் ஆசையும் அப்படித்தான்: மேலே கூரைக்கு வெளியே நிற்கும் பகுதியை எது தாங்கும் என்ற விடை வரைபடத்தில் இல்லாமல் கை வைக்கக்கூடாது.

பக்கத்து எல்லைக்கு ஒரு மீட்டருக்குள் வரும் டார்மரின் பக்கச் சுவர் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தீ தாங்க வேண்டும். மரச் சட்டத்தின்மேல் நேரே பிளாஸ்டிக் பலகை அடித்து முடித்தவை ஆய்வில் தவறும்.

வெயில், குளிர், ஈரம்

கோடையில் வேகும் லாஃப்ட், குளிர்காலத்தில் சுவர் வேர்க்கும் லாஃப்ட்: இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் இன்சுலேஷனைச் செருகிய விதம். புதிதாகக் கட்டும் கூரைப் பகுதிக்கு யூ-வேல்யூ (சூடு கசியும் அளவு, குறைந்தால் நல்லது) 0.15, டார்மர் சுவருக்கு 0.18, ஜன்னலுக்கு 1.4 என்பது இலக்கு. பழைய கைமரத்தின் ஆழம் பெரும்பாலும் 100 மி.மீ. அதற்கு மேல் ஓட்டின் அடியில் விரித்துள்ள பழைய ஃபெல்ட் தாள் மூச்சு விடாத வகை என்றால் 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விட வேண்டும். மிச்சம் 50. பிஐஆர் பலகை (கெட்டி நுரை இன்சுலேஷன்) மொத்தம் 130 முதல் 150 மி.மீ. வேண்டியிருக்கும்போது இது போதாது. எனவே கைமரத்தின் அடியில் பட்டிச் சட்டம் கூட்டி ஆழமாக்கி, நடுவில் ஓர் அடுக்கும் அடியில் குறுக்காக இன்னோர் அடுக்கும் வைப்பார்கள். அடியடுக்கு முக்கியம், மரத்தின் வழியே போகும் சூட்டை அதுதான் தடுக்கிறது.

பலகையை அளந்து வெட்ட வேண்டும். விரல் நுழையும் சந்து விட்டு, நுரையால் மறைத்துவிட்டுப் போவது வழக்கமான குறை. இணைப்புகளுக்கு ஃபாயில் டேப். அறைப் பக்கம் நீராவித் தடுப்புத் தாள். அந்தத் தாளைக் கிழித்து வரிசையாக ஸ்பாட்லைட் பதிப்பது கெட்ட யோசனை. ஒவ்வொரு துளை வழியும் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த மரத்தைத் தொட்டு நீராகும். ரெண்டு மூன்று குளிர்காலத்தில் கருப்புப் பூஞ்சை தெரியும். சரிவுச் சீலிங்கில் சுவர் விளக்கே நல்லது. முகட்டு ஸ்டீலையும் இன்சுலேஷனால் சுற்ற வேண்டும், இல்லையேல் அதன் கீழ் ஒரு கோடாக ஈரம் பூக்கும்.

டார்மரின் தட்டைக் கூரையில் இன்சுலேஷனைப் பலகைக்கு மேலே வைக்கும் முறைதான் பாதுகாப்பானது. சரிவு 1:40 என்று வடிவமைத்தால் கட்டியபின் 1:80 ஆவது மிஞ்சும். தெற்கே பார்த்த ரூஃப்லைட்டுக்கு உள்திரை போதாது. வெளிப்பக்கத் திரைதான் வெப்பத்தைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தும். ஜன்னலைக் குறுக்குக் காற்று வரும்படி எதிரெதிரே வையுங்கள். தரை ஜாயிஸ்ட்டுக்கு நடுவே 100 மி.மீ. மினரல் வூல், கீழே தூங்குபவர்களுக்கு மேலே நடக்கும் சத்தம் குறையும். பொதுச் சுவரையும் மறக்கவேண்டாம்: லாஃப்ட் மட்டத்தில் அது ஒற்றைச் செங்கல் கனமாகவும், பூச்சே இல்லாமலும் இருப்பது சாதாரணம். அதைத் தொடாத தனிச் சட்டம் நிறுத்தி, வூல் வைத்து, இரட்டைப் பிளாஸ்டர்போர்டு அடியுங்கள்.

பாத்ரூமை எங்கே வைப்பது

கழிவுக் குழாய் எங்கே ஏறுகிறதோ அங்கே. 110 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 18 மி.மீ. ஆவது சரிவு வேண்டும், 195 மி.மீ. ஜாயிஸ்ட்டில் போடக்கூடிய மிகப் பெரிய ஓட்டை அதன் உயரத்தில் கால் பங்கு, ஏறத்தாழ 48 மி.மீ.தான். ஆக டாய்லெட் குழாய் ஜாயிஸ்ட்டைக் குறுக்கே கடக்க முடியாது. அதற்கு இணையாக மட்டுமே ஓடலாம். அரைத்துத் தள்ளும் பம்ப் வைத்த டாய்லெட் கடைசி வழி. நடுராத்திரியில் வீடே எழும். ஷவரை 2 மீட்டர் உயரம் உள்ள இடத்தில் வைத்து, வாஷ்பேசினையும் டாய்லெட் தொட்டியையும் சரிவுப் பக்கம் தள்ளலாம். மின்விசிறி நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டும். அதன் குழாயைக் கூரையின் மூலை வெளியில் முடித்துவிட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

லாஃப்டில் இருந்த பழைய தொட்டி போகும்போது வெந்நீர் முறையும் மாறும்: காம்பி பாய்லர் (தொட்டியின்றிக் குழாய் நீரை நேரே சூடாக்குவது) அல்லது அழுத்தச் சிலிண்டர். அதற்கு முன் சமையலறைக் குழாயடியில் வாளி வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று அளக்கவும். கீழே 10 லிட்டர் கூட வராத வீட்டில் மேலே ஷவர் சொட்டும். ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் 0.1 பார் அழுத்தம் குறையும். தெருவிலிருந்து வரும் பழைய ஈயக் குழாய்தான் பல வீடுகளில் குற்றவாளி.

வரைபடம், குவோட், வேலை வரிசை

பில்டிங் கன்ட்ரோலுக்கு இரண்டு வழி: முழு வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறுவது, அல்லது பில்டிங் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தொடங்குவது. லாஃப்டுக்கு முதலாவதையே எடுங்கள். இரண்டாவதில் தவறு தெரிவது பிளாஸ்டர் பூசிய பிறகு.

ஆர்க்கிடெக்ட் வரைபடம், இன்ஜினியர் கணக்கு இரண்டும் கையில் வந்தபின் குவோட் கேளுங்கள். வெறும் கையோடு கேட்டால் மூன்று பேர் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்வார்கள். 20 சதவீத வாட் சேர்ந்ததா, தீக்கதவு எத்தனை, சாரத்துக்கு மேல் தற்காலிகக் கூரை உண்டா, பியூஸ் பெட்டி மாற்றம், ரேடியேட்டர், குப்பை ஸ்கிப், பூச்சு வரையா பெயின்ட் வரையா என்று வரிக்கு வரி எழுதி வாங்குங்கள். நடைபாதையில் சாரம் நின்றால் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். அதை எடுப்பது யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வழக்கமான டார்மர் வேலை 8 முதல் 12 வாரம். சாரம், ஸ்டீல், தரை, கூரை திறப்பு, டார்மர் சட்டம், கூரை மூடல், ஜன்னல். இதுவரை ஆட்கள் சாரத்தின் வழியே வந்து போவார்கள். வீட்டுக்குள் தூசி குறைவு. கூரை மூடியபின்தான் முதல் மாடி சீலிங்கை உடைத்துப் படி இறங்கும். அதன் பிறகு குழாய், வயர், இன்சுலேஷன், பிளாஸ்டர்போர்டு, பூச்சு. ஸ்டீல், தரை, இன்சுலேஷன் ஒவ்வொன்றையும் மூடுமுன் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் டேப் தெரியும்படி படம் எடுத்து வைத்தால், பிறகு ஆணி அடிக்கும்போது குழாயில் இறங்காது.

பணத்தை வாரக் கணக்கில் கொடுக்காமல் கட்டக் கணக்கில் கொடுங்கள்: ஸ்டீல் ஏறியதும் ஒன்று, கூரை மூடியதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று. கடைசித் தவணை பில்டிங் கன்ட்ரோலின் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் கைக்கு வந்தபின். அந்தத் தாள் இல்லாத லாஃப்டை, விற்கும்போது பெட்ரூம் என்று சொல்லவிட மாட்டார்கள். எத்தனை அழகாக இருந்தாலும் ஸ்டோர் ரூம்தான். இந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சாரம் இறங்கிய பிறகு கேட்டால் பில்டர் அடுத்த வீட்டுக் கூரையில் இருப்பார்.